கட்டுமானப் பணியிட ஆய்வு: எங்கே பார்ப்பது, எதை நிறுத்துவது, எப்படி எழுதுவது

பெரிய நகரத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான இடங்களில் கட்டட வேலை நடக்கும். அவற்றைக் கண்காணிக்கும் அரசு ஆய்வாளர்களின் எண்ணிக்கை அதற்கு ஈடாக ஒருபோதும் இருப்பதில்லை. ஓர் ஆய்வாளருக்கு ஒரு பணியிடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும். மறுபடி அங்கே வர மாதங்கள் ஆகும். அந்த நேரத்தை எதில் செலவிடுகிறார் என்பதுதான் கேள்வி. ஹெல்மெட் போடாத தலையை வாசலில் நின்றே பார்த்துவிடலாம். அதனால்தான் பல ஆய்வறிக்கைகள் ஹெல்மெட்டாலேயே நிரம்புகின்றன. ஹெல்மெட் அவசியம்தான். ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் சரியும் மண், தடுப்பில்லாத விளிம்பு, ஈரக் கான்கிரீட்டைத் தாங்கும் முட்டு, பாரம் தூக்கும் கயிறு ஆகிய நான்கும்தான். இந்த வழிகாட்டியும் அவற்றையே சுற்றி வருகிறது.

எங்கே, எந்த நாளில் போவது

கட்டடத்தின் பரப்பளவை வைத்து முன்னுரிமை தராதீர்கள். வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை வைத்துத் தாருங்கள். முப்பது மாடிக் கட்டடம் உட்பூச்சு வேலையில் இருக்கும்போது வரும் ஆபத்து, மூன்று மாடிக் கட்டடம் அடித்தளத்துக்கு மண் தோண்டும் நாளில் வரும் ஆபத்தைவிடக் குறைவு. சிறிய பணியிடங்களில் பாதுகாப்பு அதிகாரி என்று தனியாக யாரும் இருக்கமாட்டார். மேஸ்திரி சொல்வதே அங்கே சட்டம்.

ஆகவே கட்டட அனுமதி தரும்போதே கட்ட வாரியாக முன்னறிவிப்பை நிபந்தனையாக்க வேண்டும். 1.5 மீட்டருக்கு மேல் தோண்டத் தொடங்கும் நாள், பழைய கட்டடத்தை இடிக்கும் நாள், ஒவ்வொரு தளத்துக்கும் கான்கிரீட் போடும் நாள், டவர் கிரேன் நிறுவும் நாள், அதை உயர்த்தும் நாள், பிரிக்கும் நாள் ஆகிய ஆறும் இரண்டு வேலை நாள் முன்னதாக அலுவலகத்துக்குத் தெரிந்தாக வேண்டும். அறிவிப்பு வராமலேயே வேலை நடந்திருந்தால், விபத்து நேராவிட்டாலும் அதைத் தனிக் குற்றமாக எடுங்கள். இல்லையென்றால் இரண்டாவது மாதமே அறிவிப்பு நின்றுபோகும்.

இரவு, விடுமுறை நாள், கனமழை பெய்த மறுநாள் காலை ஆகிய நேரங்களில் குறைந்தது சில ஆய்வுகளாவது இருக்கட்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1947 ஆம் ஆண்டு 81 ஆம் எண் உடன்படிக்கை, முன்னறிவிப்பு இல்லாமல் பகலிலோ இரவிலோ எந்த நேரத்திலும் பணியிடத்துக்குள் நுழைய ஆய்வாளருக்கு உரிமை உண்டு என்கிறது. உடனடி ஆபத்து இருந்தால் அப்போதே செயலுக்கு வரும் ஆணைக்கும் அதில் இடம் இருக்கிறது. புகார் கொடுத்தவர் யார் என்பதை மட்டுமல்ல, புகாரின்பேரில்தான் வந்தோம் என்பதையும் வெளியே விடக்கூடாது என்றும் அது சொல்கிறது. இதைக் காப்பாற்ற எளிய வழி, புகார் வந்த இடத்தோடு அதே தெருவில் இன்னும் இரண்டு இடங்களையும் அன்றே பார்த்துவிடுவது. புகாரில் இருக்கும் மூலைக்கு நேராக நடக்காமல், வழக்கமான சுற்றில் அதைக் கடந்து செல்லுங்கள். புகார் செய்த தொழிலாளிக்கு மறுநாள் வேலை இருக்குமா என்பது இதைப் பொறுத்தது.

உள்ளே நுழைந்ததும்

கோப்பு அறையில் தொடங்காதீர்கள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேடு புரட்டும் அரை மணி நேரத்தில் பள்ளத்தில் இருந்தவர்கள் மேலே வந்துவிடுவார்கள், பாதுகாப்புப் பெல்ட்டுகள் வெளியே வரும், திறந்திருந்த லிப்ட் குழி வாயில் ஒரு பலகை நிற்கும். அடையாள அட்டையைக் காட்டி, பொறுப்பாளரைக் கூட வரச் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.

முதலில் வெளிச் சுற்று: பக்கத்து வீட்டுச் சுவரில் புது விரிசல் இருக்கிறதா, கிரேன் கை தெருவின் மேலோ மின்கம்பியின் மேலோ வருகிறதா, நடைபாதைக்கு மேல் கூரை இருக்கிறதா. பள்ளத்தில் ஆள் இருந்தால் அடுத்தது பள்ளம். இல்லையென்றால் நேராக மேல்மாடிக்குப் போய் ஒவ்வொரு மாடியாக இறங்குங்கள். ஆவணங்களைக் கடைசியில் பாருங்கள். அப்போதுதான் கண்ணால் பார்த்ததை வைத்துக் காகிதத்தைச் சோதிக்க முடியும். நேற்றுப் பிரித்த சாரத்துக்கு இன்று காலை “சரியாக உள்ளது” என்று கையெழுத்து இருந்தால், அந்தப் பதிவேட்டின் மற்றப் பக்கங்களையும் நம்ப முடியாது.

தொழிலாளிகளோடு பேசும்போது மேஸ்திரி காதுக்கு எட்டாத தூரத்தில், அவர்கள் மொழியில் பேசுங்கள். “பயிற்சி கொடுத்தார்களா?” என்று கேட்டால் “ஆமாம்” என்றுதான் பதில் வரும். “இந்தப் பெல்ட்டை இங்கே எதில் மாட்டுவீர்கள், காட்டுங்கள்” என்று கேளுங்கள். மாட்ட இடமே இல்லை என்பது அப்போது இருவருக்கும் தெரியும்.

பள்ளம்

ஒரு கனமீட்டர் மண்ணின் எடை 1.6 முதல் 2 டன் வரை. நெஞ்சுவரை புதைந்தவர், முகம் வெளியே இருந்தாலும் மூச்சுவிட முடியாமல் இறந்துபோகலாம்; ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும் மண் இன்னும் இறுகும். எனவே “சின்னப் பள்ளம்தான்” என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

உறுதியான பாறை தவிர வேறெந்த மண்ணிலும் 1.5 மீட்டரைத் தாண்டிய செங்குத்து வெட்டுக்கு முட்டுப் பலகையோ, சரிவோ, உள்ளே இறக்கும் இரும்புப் பெட்டியோ வேண்டும். சரிவாக வெட்டினால் தளர்ந்த மண்ணுக்கு ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் வெளியே போக வேண்டும். நெருக்கமான நகர மனையில் இதற்கு இடமே இருக்காது. அங்கே சரிவு என்று வரைபடத்தில் காட்டியிருந்தால் மனையின் அகலத்தை அளந்து பாருங்கள். அமெரிக்க விதிப்படி ஆழம் சுமார் 6 மீட்டரைத் தாண்டினால் பதிவுபெற்ற பொறியாளரின் வடிவமைப்பு இருந்தாக வேண்டும். ஏணி, பள்ளத்தில் நிற்பவருக்கு 7.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளிக் குவிக்க வேண்டும். இது மிகக் குறைந்த அளவு, மண் தளர்வாக இருந்தால் இன்னும் தள்ளுங்கள்.

விளிம்புக்குப் பின்னால் அதற்கு இணையாக ஓடும் விரிசல், வெட்டின் அடியில் வயிறு தள்ளினாற்போல் உப்பல், ஓரிடத்தில் மட்டும் கசியும் நீர், விலகிய ஆப்பு ஆகிய நான்கில் ஒன்று தெரிந்தாலும் முதலில் ஆட்களை வெளியேற்றிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

அடித்தளத்துக்காகத் தண்ணீர் இறைக்கும் இடங்களில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பம்பிலிருந்து வரும் நீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். அடியில் மணலும் வண்டலும் தங்கினால், பம்பு நீரோடு மண்ணையும் சேர்த்து இழுக்கிறது. அந்த மண் எங்கிருந்தோ வருகிறது. பல நேரம் பக்கத்துக் கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்து. அண்டைச் சுவர்களில் அளவுகோல் ஒட்டி, தேதியோடு பதிவு செய்யச் சொல்லுங்கள். வேலை தொடங்குவதற்கு முன் எடுத்த படங்கள் இல்லையென்றால், எந்த விரிசல் பழையது, எது புதியது என்ற வழக்கு முடிவே காணாது.

முட்டும் சென்ட்ரிங்கும்

ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தற்காலிக வேலை, நாளை பிரித்துவிடுவார்கள் என்ற எண்ணம். ஆனால் கட்டடத்தின் ஆயுளிலேயே மிகப் பலவீனமான நேரம், ஈரக் கான்கிரீட் முட்டுகளின்மேல் படுத்திருக்கும் அந்தச் சில மணி நேரம்தான்.

கணக்கு எளிது. கம்பியோடு சேர்ந்த கான்கிரீட் கனமீட்டருக்குச் சுமார் 2,500 கிலோ. 15 சென்டிமீட்டர் தளம் என்றால் சதுர மீட்டருக்கு 375 கிலோ. பத்துக்குப் பத்து மீட்டர் தளத்தில் 37.5 டன். இதன்மேல் ஆட்கள், குழாய், கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர். பம்புக் குழாயை ஒரே இடத்தில் பிடித்து 60 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட்டைக் குவித்தால் அந்த இடத்தில் மட்டும் சதுர மீட்டருக்கு 1.5 டன், கணக்கிட்டதைப்போல நான்கு மடங்கு. “குவிக்காமல் பரப்பிக்கொண்டே போ” என்று மேஸ்திரி கத்துவதற்குக் காரணம் இதுதான். கத்தாத மேஸ்திரி இருக்கும் இடத்தில் நீங்கள் சொல்லுங்கள்.

கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் மாலையில் போவதே நல்லது. லாரி வந்து வாசலில் நின்ற பிறகு யாரும் எதையும் திருத்த மாட்டார்கள். கீழே நின்று பார்க்க வேண்டியவை:

முட்டின் கால் எதன்மேல் நிற்கிறது? தளர்ந்த நிரப்பு மண், அடுக்கிய செங்கல், உடைந்த பலகை எதுவும் கூடாது. மழையிலோ, மேலே நீராற்றும் தண்ணீர் வழிந்தோ மண் இளகினால் முட்டு அப்படியே இறங்கும். அகலமான பலகை அடியில் முழுதாகப் படிந்திருக்க வேண்டும்.

குறுக்குக் கட்டு இரண்டு திசையிலும் இருக்கிறதா? ஒல்லியான முட்டு நசுங்கி உடைவதில்லை, வளைந்து விழுகிறது. கட்டு இல்லாத நீளம் இரண்டு மடங்கானால் வளையாமல் தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகிவிடும். நடுவில் கட்டியிருந்த ஒரே குழாயை யாரோ நடக்க வழிக்காகக் கழற்றியிருந்தால், அந்த வரிசை கால் பங்கு பலத்தில் நிற்கிறது. இரண்டு மாடி உயர முகப்புக் கூடங்களிலும் போர்டிகோக்களிலும் இதை முதலில் தேடுங்கள். அங்கே முட்டுகள் நீளம். நீளம் போதாமல் மரத்தை நடுவில் ஒட்டுப்போட்டிருப்பதும் அங்கேதான்.

இரும்பு ஜாக்கி முட்டில் உயரத்தை நிறுத்தும் ஊசி அதற்கென்று செய்ததா, அல்லது வெட்டிப் போட்ட கம்பித் துண்டா? கம்பித் துண்டு மெலிந்தது, வளையும், வெட்டுப்படும். இந்தக் குறையைக் காணாத பணியிடம் அரிது. ஒரு முட்டில் கண்டால் எல்லா முட்டுகளையும் எண்ணச் சொல்லுங்கள்.

முட்டின் தலை உத்திரத்தின் நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரத்தில் இருந்தால் சுமை முட்டை வளைத்துக்கொண்டே இறங்கும்.

அடுத்தது, எப்போது பிரிப்பது. 1973 மார்ச் 2 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பெய்லீஸ் கிராஸ்ரோட்ஸில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம் மேல்மாடியிலிருந்து தரைவரை இடிந்து 14 பேர் இறந்தார்கள். மேல்மாடியில் முட்டுகளை முன்கூட்டியே எடுத்ததுதான் காரணம். 1978 ஏப்ரல் 27 அன்று மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில் குளிர்விப்புக் கோபுரம் கட்டும்போது, முந்தைய நாள் போட்ட கான்கிரீட் இறுகுவதற்குள் அதிலேயே தொங்கிய சாரத்தின்மேல் அடுத்த அடுக்குச் சுமையை ஏற்றினார்கள். 51 பேர் விழுந்து இறந்தார்கள். இரண்டிலும் கேட்கப்படாத கேள்வி ஒன்றே: இந்தக் கான்கிரீட்டுக்கு இன்று எவ்வளவு பலம்?

இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு, வெப்பம் 15 டிகிரிக்குக் குறையாத இடத்தில், தாங்கிகளுக்கு இடைவெளி 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு 7 நாளும் அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் முட்டு நிற்க வேண்டும் என்கிறது. உத்திரத்தின் இடைவெளி 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். குளிர் அதிகமானாலோ வேறு சிமெண்ட் கலந்தாலோ நாள் கூடும். நாளைக் குறைக்க வேண்டும் என்றால், அதே கான்கிரீட்டில் வார்த்து நசுக்கிப் பார்க்கும் சோதனைக் கட்டியின் முடிவைக் கேளுங்கள். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆய்வகத் தொட்டியில் ஊறிய கட்டி, அந்தக் கான்கிரீட் எவ்வளவு பலம் பெற வல்லது என்பதைச் சொல்லும். தளத்தின் பக்கத்திலேயே, அதே வெயிலிலும் குளிரிலும் கிடந்த கட்டிதான் தளம் இன்று எவ்வளவு பெற்றிருக்கிறது என்பதைச் சொல்லும். பிரிப்பதற்கு ஆதாரம் இரண்டாவதே.

பிரிக்கும் வரிசையும் முக்கியம். இரு பக்கமும் தாங்கிய தளத்தில் நடுவில் தொடங்கித் தாங்கிகளை நோக்கிப் போக வேண்டும். பால்கனிபோல் வெளியே நீட்டியதில் நுனியில் தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும். கீழ்மாடியில் முட்டுகளை எடுத்தபின் திரும்ப நிறுத்தும் முட்டுகள் மேல்மாடி முட்டுகளுக்கு நேர்க்கீழே இருக்கட்டும். ஓர் அடி தள்ளி நின்றாலும் நடுவில் உள்ள இளம் தளம் அந்தச் சுமையை வளைந்து தாங்க வேண்டியிருக்கும்.

சாரமும் விளிம்பும்

சாரம் கட்டும் நாளில் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், போகப்போகக் கெடுகிறது. பூச்சு வேலைக்காரருக்குச் சுவரில் பிணைத்த கட்டு இடைஞ்சல். கழற்றுவார், திரும்ப மாட்டமாட்டார். தனித்து நிற்கும் சாரத்தின் உயரம் அடியின் குறுகிய அகலத்தைப்போல நான்கு மடங்கைத் தாண்டினால் சுவரோடு பிணைக்காமல் நிற்க விடக்கூடாது. பச்சை வலை போர்த்தியிருந்தால் காற்று அதைக் கப்பல் பாய்போல் தள்ளும். கட்டுகளின் எண்ணிக்கையை வலையோடு சேர்த்துத்தான் கணக்கிட்டார்களா என்று வடிவமைப்பில் பாருங்கள். கீழிருந்து மேல்வரை கட்டுகளை எண்ணி வரைபடத்தோடு ஒப்பிடுவது பத்து நிமிட வேலை. ஆய்வில் இவ்வளவு பயன் தரும் பத்து நிமிடம் வேறில்லை.

நடைபலகைக்குச் சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் கைப்பிடிக் கம்பி, நடுவில் ஒன்று, கருவி உருண்டு விழாமல் அடியில் கால்பலகை வேண்டும். கைப்பிடிக் கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள்; கயிறு கட்டிவைத்தது தடுப்பு ஆகாது.

தரைத் துளைகளை மூடிய பிளைவுட்டில் தனிக் கவனம் வேண்டும். ஆணியடிக்காத பலகை, திறந்த துளையைவிடக் கெட்டது. கிடக்கும் பலகையை எடுத்துப்போக வரும் தொழிலாளி இரு கையாலும் அதைத் தூக்கி முன்னே ஓர் எட்டு வைப்பார். தூக்கிய பலகையே துளையை மறைத்துவிடும். மூடி அசையாமல் பொருத்தியிருக்க வேண்டும், மேலே “துளை” என்று அவர்கள் படிக்கும் மொழியில் எழுதியிருக்க வேண்டும்.

பெல்ட்டைப் பற்றி ஒரு கணக்கு. 1.8 மீட்டர் கயிறு, அதிர்ச்சி தாங்கி விரிந்து நீளும் ஒரு மீட்டர், முதுகு வளையத்திலிருந்து பாதம்வரை ஒன்றரை மீட்டர், மிச்சமாக ஒரு மீட்டர். மாட்டிய இடத்துக்குக் கீழே 5.3 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். முதல் மாடியில் இந்தப் பெல்ட் மாட்டியவர் தரையில் மோதிய பிறகே கயிறு இழுக்கும். அங்கே கைப்பிடிதான் தீர்வு. எங்கே பெல்ட் போதும் என்று ஒப்பந்ததாரர் சொல்கிறாரோ அங்கே, தொங்குபவரைச் சில நிமிடங்களில் எப்படி இறக்குவார்கள் என்றும் கேளுங்கள்.

கிரேன்

டவர் கிரேன் நிறுவும்போதும் உயர்த்தும்போதும் பிரிக்கும்போதும்தான் ஆய்வாளர் அங்கே இருக்க வேண்டும். 2008 மார்ச் 15 அன்று நியூயார்க்கின் கிழக்கு 51 ஆம் தெருவில் கிரேனை உயர்த்திக்கொண்டிருந்தபோது, கட்டடத்தோடு பிணைக்கும் கனமான இரும்பு வளையத்தைத் தாங்கிய பாலியெஸ்டர் பட்டைகள் அறுந்தன. வளையம் சரிந்து கீழே இருந்த வளையத்தையும் அடித்துச் சென்றது, கிரேன் சாய்ந்தது, 7 பேர் இறந்தார்கள். அந்தப் பணியிடத்தைப் பற்றி முன்பே வந்திருந்த புகாருக்கு, போகாமலேயே போனதாகப் பதிவு செய்தார் என்று நகரக் கட்டடத் துறை ஆய்வாளர் ஒருவர் கைதானார். வருகையைக் கையெழுத்தால் மட்டும் உறுதிசெய்யாமல், நேரமும் இடமும் பதிந்த படங்களால் உறுதிசெய்ய வேண்டும் என்பதற்கு இது போதும்.

அடையாளச் சீட்டு இல்லாத பட்டையை அங்கேயே ஒதுக்கச் சொல்லுங்கள். கூர்விளிம்பில் பட்டை படும் இடத்தில் மெத்தை வேண்டும். பாரம் தூக்கும் இரு கால் சங்கிலியின் இடைக்கோணம் 120 டிகிரி ஆனால் ஒவ்வொரு காலும் முழு எடையையும் சுமக்கும், விரியவிரிய ஆபத்து. வேலை முடிந்த கிரேனின் கையைக் கட்டிவைத்திருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். அது காற்றோடு சுதந்திரமாகத் திரும்ப வேண்டும்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்றாவது செய்யுங்கள்: தற்காலிக மின்பெட்டியில், மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை நீங்களே அழுத்துங்கள்.

ஆணை எழுதுவது

“தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யவும்” என்று எழுதிய ஆணை யாரையும் கட்டாது; எதைச் செய்தாலும் நிறைவேறிவிட்டது என்பார்கள், வழக்கு நிற்காது. ஆணையில் இடம், அளவு, குறை, செய்ய வேண்டியது, நேரம் ஐந்தும் இருக்க வேண்டும். இப்படி:

“4 ஆம் மாடி, வடகிழக்கு மூலை, லிப்ட் குழி வாய், அகலம் 1.6 மீட்டர். தடுப்பு இல்லை; ஆட்கள் 1 மீட்டர் தூரத்தில் வேலை செய்கிறார்கள். ஒரு மீட்டர் உயரக் கைப்பிடி, நடுக்கம்பி, கால்பலகை மூன்றும் அசையாமல் பொருத்த வேண்டும். அதுவரை இந்த வாயிலிருந்து 3 மீட்டருக்குள் வேலை கூடாது. இன்று மாலை 5 மணிக்கு மறு ஆய்வு.”

நிறுத்த ஆணை தரும்போது பலர் செய்யும் தவறு, “எல்லா வேலையையும் நிறுத்து” என்று ஒற்றை வரியில் எழுதிவிடுவது. பம்பை நிறுத்தினால் பள்ளத்தில் நீர் ஏறிச் சுவர் சரியும். பாதி முட்டுக் கொடுத்த பள்ளம் அப்படியே கிடந்தால் அடுத்த மழையில் இடியும். ஆகவே எது நிற்க வேண்டும், எது தொடர வேண்டும், பாதுகாப்பாக்கும் வேலையை யார் மேற்பார்வையில் செய்யலாம் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். கான்கிரீட் போடும்போதே முட்டு வளைவது தெரிந்தால், மேலே போடுவதை நிறுத்தி மேலும் கீழும் இருப்பவர்களை வெளியேற்றுங்கள். முட்டைச் சரிசெய்யக் கீழே ஒருவரையும் அனுப்பாதீர்கள். இந்த நேரத்தில் உள்ளே ஓடுவது பெரும்பாலும் நல்ல மனமுள்ள தச்சர்தான். அவரைத் தடுப்பது உங்கள் வேலை.

மறு ஆய்வு

குறை நீங்கியது என்று ஒப்பந்ததாரர் அனுப்பும் படத்தை மட்டும் வைத்துக் கோப்பை மூடாதீர்கள். படம் ஒரு கோணம்தான் காட்டும். நிறுத்த ஆணைக்கு நேரில் போங்கள்; மற்றவற்றில் ஒரு பங்கையாவது குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் போங்கள். அதே குறை மூன்றாம் முறையும் வந்தால் அபராதத்தோடு நில்லாமல் காரணத்தைக் கேளுங்கள். சாரக் கட்டு அடிக்கடி கழல்கிறது என்றால், சாரம் கட்டியவருக்குக் கட்டி முடித்த அன்றோடு கணக்கு தீர்ந்திருக்கும். திரும்ப மாட்ட அவருக்கு யாரும் கூலி தருவதில்லை. பராமரிப்பை ஒப்பந்தத்தில் சேர்த்து, வாரம் ஒருமுறை அவரே வந்து கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையை ஆணையில் எழுதுங்கள்.

விபத்து நடந்துவிட்டால், ஆட்களை மீட்டபின் எதையும் நகர்த்த விடாதீர்கள். அறுந்த கயிற்றின் இரு முனைகளையும் துடைக்காமல், வெட்டாமல் தனித்தனிப் பையில் எடுங்கள். முறிந்த முட்டுகளை அவை கிடக்கும் நிலையில் படமெடுத்து, ஊசியோடு சேர்த்துக் கைப்பற்றுங்கள். சோதனைக் கட்டிகளையும் வருகைப் பதிவேட்டையும் அன்றே எடுத்துவிடுங்கள். மறுநாளைக்குள் இரண்டும் மாறியிருக்கலாம்.